20 மி.மீ. ராடில் டேப்பர் அடிக்கும் பழைய லேத்: லெவலிங்கும் அலைன்மென்ட்டும்

கேட்டது இதுதான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலரை அடி லேத், வீட்டுக் கார் ஷெட்டில் சிமென்ட் தரைமேல் வைத்தாயிற்று. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்ததில் குமிழி நடுவில்தான் நிற்கிறது. ஆனால் 20 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடை மூன்று ஜா சக்கில் (ராடைப் பிடித்துச் சுழற்றும் மூன்று தாடைப் பிடி) பிடித்து, 150 மி.மீ. வெளியே விட்டுக் கடைந்தால் நுனிப் பக்கம் 0.07 மி.மீ. பருமனாக வருகிறது, அதாவது டேப்பர் அடிக்கிறது. விற்றவர் டெயில் ஸ்டாக்கை (ராடின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) நகர்த்தச் சொல்கிறார், பக்கத்து வொர்க்‌ஷாப்காரர் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் செய்த சோதனையில் டெயில் ஸ்டாக் ராடைத் தொடவே இல்லை, ராடு சக்கில் மட்டும்தான் நின்றது, அப்படியிருக்க அந்த டேப்பருக்கு டெயில் ஸ்டாக் எப்படிக் காரணமாகும்? அதை இப்போது நகர்த்தினால் இருக்கிற பிழையோடு புதிதாக ஒன்று சேரும், பிறகு எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். லேத் அலைன்மென்ட்டில் பாதி வேலை வரிசைதான். ராடு வளைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அடுத்து பெட்டில் (எல்லாவற்றையும் தாங்கும் நீள அடிப்பாகம்) முறுக்கு இருக்கிறதா, அதற்கப்புறம் ஹெட் ஸ்டாக் (சக்கைத் தாங்கிச் சுழற்றும் பகுதி), கடைசியாகத்தான் டெயில் ஸ்டாக். முந்தினதை முடிக்காமல் அடுத்ததில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

சரி, முதலில் அந்த ராடு. 20 மி.மீ. ராடு 150 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும்போது அதன் நுனியை ஐந்து கிலோ அளவுக்குத் தள்ளினால் சுமார் 0.035 மி.மீ. வளையும். டூல் வெட்டும்போது ராடைத் தன்னிடமிருந்து தள்ளிக்கொண்டேதான் வெட்டுகிறது, முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலோ ஆழம் கொஞ்சம் கூடினாலோ ஐந்து கிலோ என்பது சாதாரணம். ஆரத்தில் 0.035 என்றால் விட்டத்தில் 0.07. நீங்கள் சொன்ன அளவு அப்படியே வந்துவிட்டது, லேத்தில் ஒரு குறையும் இல்லாமலேயே. சக்கை நெருங்க நெருங்க ராடு விறைப்பாகிவிடும், வளையாது, அதனால் அங்கே சரியாக வெட்டுப்பட்டு நுனி மட்டும் பருமனாக நிற்கும். உங்கள் லேத்தில் நடப்பது இது மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்தச் சோதனையை வைத்து லேத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

ராடின் விறைப்பு விட்டத்தின் நாலாம் மடியில் ஏறும், அதாவது 40 மி.மீ. ராடு 20 மி.மீ. ராடைவிடப் பதினாறு மடங்கு விறைப்பு. அதே ஐந்து கிலோவில் அது இரண்டு மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது 0.001 மி.மீ.) கொஞ்சம் மேலேதான் வளையும். எனவே காயலான் கடைக்குப் போய் 40 மி.மீ.க்குக் குறையாத ராடு ஒரு துண்டு, இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கிடைத்தால் நல்லது, 50 மி.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது, வாங்கி வாருங்கள். சக்கில் பிடிக்கும் முன் ஜாக்களின் வாயைப் பாருங்கள். வருஷக்கணக்கில் சின்னத் துண்டுகளையே பிடித்துப் பிடித்து ஜாவின் முன்பக்கம் தேய்ந்து வாய் அகன்றுபோயிருக்கும், அப்படிப்பட்ட ஜா ராடை ஆழத்தில் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கும், வெளியே நீட்டியிருக்கும் பகுதி வெட்டின்போது ஆடும். சந்தேகம் இருந்தால் நாலு ஜா சக்கில் பிடியுங்கள்.

ராடை 180 மி.மீ. வரை வெளியே விட்டு, நுனியில் ஒரு காலர் (வளையம்போல எழும்பி நிற்கும் பட்டை), சக்குக்குப் பக்கத்தில் ஒரு காலர், ஒவ்வொன்றும் 15 மி.மீ. அகலம், நடுவிலிருந்து நடுவுக்கு 150 மி.மீ. தள்ளி இருக்குமாறு வையுங்கள். இடைப்பட்ட பகுதியை ஒரு மி.மீ. ஆழம் குறைத்துவிடுங்கள், அங்கே டூல் வெட்ட வேண்டியதில்லை. ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டு) அரை மணி நேரம் ஓடவிட்டு பேரிங் சூடேறட்டும். அதற்குள் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் ஒன்றை நன்றாகத் தீட்டி, மூக்கு ஆரத்தைச் சின்னதாக வைத்து, எண்ணெய்க்கல்லில் ஓரம் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார்பைடு இன்சர்ட் இந்த வேலைக்கு ஆகாது, மெல்லிய வெட்டில் அது வெட்டுவதைவிட உரசித் தள்ளுவதுதான் அதிகம். ஆழம் 0.05 மி.மீ., ஃபீட் மெதுவாக, கிராஸ் ஸ்லைடை (டூலை முன்பின்னாக நகர்த்தும் பகுதி) தொடாமல் நுனிக் காலரிலிருந்து சக் பக்கக் காலர் வரை ஒரே ஓட்டம். அப்படியே இன்னும் ஒரு ஓட்டம், இந்த முறை ஆழமே ஏற்றாமல். ராடு ஆறட்டும், அப்புறம் இரண்டு காலரையும் மைக்ரோமீட்டரில் அளந்து விட்டங்களை எழுதி வையுங்கள். இந்த இரண்டு காலர் சோதனைதான் கடைசிவரை உங்களுக்கு நீதிபதி, அதனால் ராடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதில் வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் அடங்கிவிட்டால் வீட்டு வேலைக்கு உங்கள் லேத் நன்றாகவே இருக்கிறது. அடங்கவில்லை என்றால் அடுத்தது பெட்.

லேத்தை லெவல் பண்ண வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எதற்கு என்று கேட்டால் பலரும் பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கு அவசியம் இல்லை. கப்பல்களின் பட்டறைகளில் லேத் இருக்கிறது, தளமே அலையில் ஆடிக்கொண்டிருக்கும், ஆனாலும் அதில் ஷாஃப்ட் கடைகிறார்கள். தேவை ஒன்றுதான்: பெட்டின் ஹெட் ஸ்டாக் முனையும் டெயில் ஸ்டாக் முனையும் குறுக்குவாட்டில் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். இரண்டும் வலப்பக்கம் அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஒன்று சாய்ந்து மற்றொன்று நேராக இருந்தால்தான் தொல்லை. பூமியின் மட்டம் நமக்குக் கிடைக்கிற ஓசியான, நகராத ஒப்பீட்டுக் கோடு, அதனால் அதைப் பயன்படுத்துகிறோம். கூலன்ட் ஒழுங்காக ட்ரேயில் ஓடிவருவது கூடுதல் லாபம்.

முறுக்கு எப்படி வருகிறது? நாலு கால் கட்டிலை மேடுபள்ளமான தரையில் போட்டால் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும். லேத் அப்படி ஆடாது. அதன் எடையே தூக்கி நிற்கும் காலைத் தரைக்கு இழுத்துவிடும், போல்ட்டும் போட்டு இறுக்கினால் கேட்கவே வேண்டாம், பெட் முறுக்கிக்கொண்டு நான்கு காலும் தரையில் படிந்து அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு லேத் கனகச்சிதமாக உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். வார்ப்பிரும்பு விறைப்பானது என்று நினைக்கிறோம், ஆனால் மைக்ரான் கணக்கில் பார்த்தால் அதுவும் வளைந்து கொடுக்கிற பொருள்தான். பக்கத்து வொர்க்‌ஷாப்காரர் சொன்னதுபோல அளக்காமல் காங்கிரீட்டில் இறுக்கினால் தரையில் இருக்கும் கோணல் அப்படியே பெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கோணல் ஏன் டேப்பராக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்த்துவிடலாம், பிறகு எந்தக் காலைத் தூக்குவது என்பதில் குழப்பமே வராது. டூலின் முனை பெட்டின்மேல் இல்லை, பெட்டுக்கு மேலே சென்டர் உயரத்தில், அதாவது ஸ்பிண்டில் அச்சின் உயரத்தில் இருக்கிறது, உங்கள் லேத்துக்கு ஆறரை அங்குலம், அதாவது 165 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டெயில் ஸ்டாக் முனையில் பெட் முன்பக்கமாக, நீங்கள் நிற்கும் பக்கமாக, சரிந்திருந்தால் சாடில் (டூலைச் சுமந்து பெட்டின்மேல் ஓடும் பகுதி) அங்கே போகப் போக உங்களை நோக்கிச் சாயும், 165 மி.மீ. உயரத்தில் இருக்கும் டூல் முனை வேலையை விட்டு விலகும், விட்டம் கூடும். பின்பக்கம் சரிந்திருந்தால் டூல் வேலைக்குள் போகும், நுனி மெலியும். ஆக, நுனிக் காலர் பருமனாக இருந்தால் டெயில் ஸ்டாக் முனையின் முன்காலைத் தூக்க வேண்டும், மெலிந்திருந்தால் அதே முனையின் பின்காலைத் தூக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நீளவாட்டில் பெட் கொஞ்சம் தொங்குவதோ ஏறுவதோ கடைசலில் ஏறக்குறைய தெரியாது. 25 மி.மீ. விட்டத்தில் டூல் 0.1 மி.மீ. கீழே இறங்கிவிட்டாலும் விட்டத்தில் ஒரு மைக்ரான்கூட மாறாது, ஏனென்றால் டூல் வட்டத்தின் பக்கவாட்டில் தொட்டுக்கொண்டு நிற்கிறது, மேலே கீழே நகர்வது வளைவோடு சேர்ந்து போகிற நகர்வு. அதே 0.1 மி.மீ. முன்பின்னாக நகர்ந்தால் விட்டத்தில் முழுசாக 0.2 மி.மீ. அதனால் நீளவாட்டு லெவலுக்காக மெனக்கெட வேண்டாம், குத்துமதிப்பாக வைத்துவிட்டு உங்கள் பொறுமையை எல்லாம் குறுக்குவாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரசமட்டம். கொத்தனார் வைத்திருப்பதில் நல்லது என்றாலே மீட்டருக்கு 0.5 மி.மீ. அளவு சாய்வைத்தான் நம்பிச் சொல்லும். பெட்டின் இரு முனைகளுக்கும் இடையில் அந்த 0.5 மி.மீ. அளவு முறுக்கு இருந்தால், 165 மி.மீ. சென்டர் உயரத்தில் டூல் 0.08 மி.மீ. நகர்ந்துவிடும், விட்டத்தில் 0.16. குமிழி நடுவில்தான் நிற்கும், ஆனால் நீள ஷாஃப்ட்டில் பேரிங் ஏறாது. சுவர் கட்ட அது தாராளமாகப் போதும், இதற்குப் போதாது. வேண்டியது ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல், 200 மி.மீ. நீளமுள்ள சதுர ஃபிரேம் லெவலோ நீள லெவலோ. மெஷின் நிறுவிக் கொடுக்கும் சர்வீஸ் மெக்கானிக்குகள், டூல் ரூம்கள், சில பாலிடெக்னிக் பட்டறைகள் என்று இதை வைத்திருப்பவர்கள் உண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கேட்டு வாங்க முடிந்தால் அதுவே போதும். அதில் ஒரு கோடு வித்தியாசம் உங்கள் பெட்டின் முழு நீளத்துக்கும் விட்டத்தில் ஆறேழு மைக்ரான்தான், எனவே இரண்டு முனைக்கும் ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அதற்குமேல் நோண்டத் தேவையில்லை.

இந்த லெவலை முதல்முறை கையில் எடுப்பவர்கள் அது பழுது என்றே நினைப்பார்கள், அவ்வளவு கூச்சம் அதற்கு. 200 மி.மீ. அடிப்பாகத்தின் ஒரு முனை வெறும் 4 மைக்ரான் உயர்ந்தாலே குமிழி ஒரு கோடு நகரும். ஒரு தலைமுடி அடியில் சிக்கினால் குமிழி கோடுகளைத் தாண்டி ஓடிவிடும். அதனால் பெட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். துணியால் துடைத்த பிறகும் இருக்கும் துகள் உள்ளங்கையில் நெருடும். சாமான் விழுந்து ஏற்பட்ட பிசிறு இருந்தால் மெல்லிய எண்ணெய்க்கல்லைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுத்துவிடுங்கள், ஃபைல் வேண்டவே வேண்டாம். லெவலை இரு விரல்களால் ஓரத்தில் பிடித்து வையுங்கள், கை அகன்ற பிறகு சில நிமிஷம் விடுங்கள், கையின் சூட்டிலும் மூச்சிலும்கூடக் குமிழியின் நீளமே மாறும். அந்தக் காத்திருப்பு பொறுக்காமல்தான் பலரும் ஜாக் போல்ட்டை (லேத்தின் காலை ஏற்றி இறக்கும் போல்ட்) மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

லெவலே சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஓர் இடத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, அதே கோட்டுக்குள் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். நீங்கள் நின்று பார்க்கும் திசையில் குமிழி இரண்டு முறையும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்திருந்தால் லெவல் சரி, சாய்வு பெட்டில் இருக்கிறது. பக்கம் மாறினால் லெவலில் பிழை இருக்கிறது. ஆனால் நம் வேலைக்கு அதுகூடத் தடையில்லை. நாம் தேடுவது இரண்டு முனைக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும்தான், லெவலின் ஒரே முனை எப்போதும் உங்கள் பக்கம் இருக்குமாறு இரண்டு இடத்திலும் வைத்தால் அதன் சொந்தப் பிழை இரண்டிலும் சமமாக வந்து அடிபட்டுப்போகும். ஒரு முனையில் சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்பது பழைய லேத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். உங்கள் பெட்டில் சாடில் ஓடும் வி வடிவத் தடமும் தட்டைத் தடமும் சக்குக்குப் பக்கத்து இரண்டு மூன்று சாண் நீளத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், அத்தனை வருஷமும் வேலை நடந்தது அங்கேதான். கிராஸ் ஸ்லைடின்மேல் லெவலைக் குறுக்காக வைத்துச் சாடிலை ஓட்டிப் பார்ப்பது சுலபம், டூல் உணர்வதை அப்படியே காட்டும், ஆனால் அதில் தேய்மானமும் முறுக்கும் கலந்தே தெரியும். முறுக்கை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் தேயாத பரப்பு வேண்டும்: டெயில் ஸ்டாக் உட்காரும் வழித்தடங்களில் அது அதிகம் போகாத இடங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கிரைண்ட் செய்த பேரலல் கட்டைகளைப் போட்டு அதன்மேல் லெவல். நான் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். தேயாத பரப்பில் இரண்டு முனையும் ஒத்துப்போன பிறகும் சாடில்மேல் வைத்த லெவல் சக் அருகே மட்டும் சரிவு காட்டினால் அது தேய்மானம், அதை ஜாக் போல்ட்டால் தீர்க்க முடியாது. பெட்டை வேண்டுமென்றே முறுக்கி அதை ஈடுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குச் சரியாகவும் வரும், மற்ற நீளங்களில் வேறு மாதிரி கெடும். பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்புவதா, இருக்கிற தேய்மானத்தோடு வாழ்வதா என்பது தனி முடிவு.

இனி தரையும் கால்களும். டைல்ஸ்மேல் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், டைலுக்கு அடியில் காற்று இடைவெளி இருக்கும், ஒருநாள் விரிசல் விடும். சிமென்ட் தரை என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் 10 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு ஒன்று, கையகலத்தைவிடப் பெரியதாக, அதன்மேல் ஜாக் போல்ட்டின் நுனி வந்து உட்காரட்டும். காலில் துளை இருந்தால் அதற்குள் எம்16 போல்ட்டும் மேலும் கீழும் நட்டும் போதும். ரப்பர் பேடு விற்கிறார்கள், கட்டையான, விறைப்பான பெட் உள்ள சின்ன மெஷினுக்கு அது சரி. நாலரை அடி பெட்டுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நீங்கள் காலில் வைத்த திருத்தத்தை ரப்பர் மெல்ல மெல்ல அமுங்கி விழுங்கிவிடும். தரையோடு போல்ட் போட்டுக் கட்டாயம் இறுக்க வேண்டுமா என்றால், லேத்தின் எடையிலேயே நான்கு காலும் சுமை தாங்கி நின்று, அதிர்வில் நகராமல் இருந்தால் வேண்டாம். ஸ்டாண்டு இலகுவாக இருந்து எடை போதாமல் பெட் திருத்தத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை என்றால் மட்டும் ஆங்கர் போல்ட் தேவைப்படும், அப்போதும் புதுக் காங்கிரீட் என்றால் 28 நாள் கழித்துத்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் கரிசல் மண் இருக்கும் இடங்களில் வீடு என்றால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், மேலே இருக்கும் மூன்று அங்குலச் சிமென்ட் தரையும் கூடவே எழுந்து இறங்கும். ஐப்பசி மழை முடிந்தும் சித்திரை வெயிலிலும் ஒருமுறை லெவல் வைத்துப் பாருங்கள். அதேபோல மேற்குப் பார்த்த ஷெட் கதவு வழியாக மாலை வெயில் பெட்டின் ஒரு பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 11 மைக்ரான் நீளும், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பெட் பக்கவாட்டில் வளையும். லெவல் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

வேலையைத் தொடங்கும்போது எல்லாக் காலையும் தளர்த்தி, லேத்தைத் தன் எடையில் சும்மா நிற்கவிடுங்கள், முடிந்தால் ஓர் இரவு முழுக்க. ஹெட் ஸ்டாக் முனையின் இரண்டு காலையும் முதலில் சரிசெய்யுங்கள், எடை பெரும்பாலும் அங்கேதான். அந்த முனையில் குறுக்குவாட்டில் குமிழி நடுவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும், வந்த இடத்தை எழுதிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அந்தக் கால்களைத் தொடாதீர்கள். மீதி எல்லாம் டெயில் ஸ்டாக் முனையில்தான். அங்கே லெவலை வைத்து, ஹெட் ஸ்டாக் முனையில் குமிழி காட்டிய அதே கோடு வரும்வரை முன்காலையோ பின்காலையோ தூக்குங்கள். திரும்ப ஹெட் ஸ்டாக் முனைக்கு வந்து பாருங்கள், அங்கேயும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், இரண்டு மூன்று முறை போய்வந்தால் நிலைத்துவிடும். ஆறு கால் உள்ள லேத் என்றால் நடு இரண்டும் கடைசிவரை தளர்வாகவே இருக்கட்டும், எல்லாம் முடிந்த பிறகு தகட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது குமிழி ஓடும், அதனால் இறுக்கிய நிலையில் வரும் அளவுதான் கணக்கு.

எவ்வளவு திருக வேண்டும் என்று ஒரு அந்தாசு சொல்கிறேன். 40 மி.மீ. ராடில் 150 மி.மீ. இடைவெளிக்கு நுனிக் காலர் 0.02 மி.மீ. பருமன் என்று வையுங்கள். ஆரத்தில் 0.01, கால்களுக்கு இடையே 1200 மி.மீ. என்றால் அந்த நீளத்துக்கு 0.08. அதை 165 உயரத்தால் வகுத்து, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலான 250 மி.மீ. அகலத்தால் பெருக்கினால் 0.12 மி.மீ. வருகிறது. எம்16 போல்ட்டின் புரி 2 மி.மீ., ஆக 22 டிகிரி திருகல், போல்ட் தலையின் ஆறு பட்டையில் ஒரு பட்டைகூட இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்பேனரைத் தட்டிவிடுகிற அளவுதான். கால், ஸ்டாண்டு எல்லாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் நிஜத்தில் இதைவிட அதிகம் தேவைப்படலாம், ஆனால் அரைச் சுற்று முழுச் சுற்று என்று திருகுகிற நிலை வந்தால் வேறு எங்கோ கோளாறு. ஜாக் போல்ட் இல்லாமல் ஷிம் (இடையில் சொருகும் மெல்லிய தகடு) வைக்கிறவர்கள் பழைய ஃபீலர் கேஜ் இலைகளையோ பித்தளை ஷிம்மையோ வெட்டி வைக்கலாம். அட்டை, பிளாஸ்டிக், மரத்துண்டு எதுவும் கூடாது.

அதே கணக்கை இன்னொரு பக்கமாகப் பாருங்கள்: காலரில் 0.02 மி.மீ. என்பது மெஷின் லெவலில் 24 கோடு. சாதாரண மைக்ரோமீட்டரில் நீங்கள் நம்பிப் படிப்பது 0.01 மி.மீ., லெவலோ அதைவிடப் பன்மடங்கு நுணுக்கமாகப் பேசும். அதனால்தான் முதலில் லெவல், பிறகு காலர் என்ற வரிசை. லெவல் கிடைக்கவே வழியில்லை என்றால் காலர் சோதனையை மட்டும் வைத்தும் முடிக்கலாம், அப்போது ராடு இன்னும் பருமனாகவும் காலர்கள் இன்னும் தள்ளியும் இருக்கட்டும், கடைந்து, அளந்து, காலைத் திருகி, மறுபடி கடைந்து என்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மினி லேத் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டையான பெட், அதனால் அது தானாக முறுக்கிக்கொள்வது குறைவு, ஆனால் பிளைவுட் மேஜையில் நாலு போல்ட்டையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் மேஜையின் கோணல் பெட்டுக்கு வந்துவிடும். போல்ட்டை விரலால் முட்டவிட்டு ஒரு காலர் சோதனை, இறுக்கிய பிறகு ஒரு காலர் சோதனை, இரண்டும் ஒத்துப்போனால் போதும்.

லெவல் இரண்டு முனையிலும் ஒத்துவந்து, சாடில் ஜிப் (சாடிலின் தளர்வைச் சரிசெய்யும் பட்டை) ஆட்டம் இல்லாமல் இருந்து, அப்படியும் காலர் டேப்பர் காட்டினால், அப்போதுதான் ஹெட் ஸ்டாக் பக்கம் திரும்ப வேண்டும். கடையாமலே அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: நேரான, சீரான பருமனுள்ள ஒரு ராடைச் சக்கில் பிடித்து, சாடிலில் டயல் கேஜை நிறுத்தி, ராடின் பக்கவாட்டில் சென்டர் உயரத்தில் தொடவிட்டு, சக்குக்குப் பக்கத்தில் ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டின் சராசரியை எழுதுங்கள். நுனியிலும் அதேபோல. சக்கின் அவுட் (மையம் விலகிச் சுற்றுவது) எவ்வளவு இருந்தாலும் சராசரியில் அது அடிபட்டுப்போகும், இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிண்டில் அச்சு பெட்டோடு ஒத்துப்போகாத அளவு. இரண்டு இடத்திலும் ராடின் பருமனை அளந்து, வித்தியாசம் இருந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ராடின் மேல்புறத்திலும் டயலை வைத்து இதையே பாருங்கள்.

மெஷின் டூல்களைச் சோதித்து ஏற்கும் அளவுகளை ஜெர்மனியில் 1920களில் வகுத்துக் கொடுத்த பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர், லேத் ஸ்பிண்டில் அச்சுக்கு 300 மி.மீ.க்கு 0.02 மி.மீ. என்று வைத்தார், அதுவும் நுனி மேல்நோக்கியும் டூல் பக்கமாகவும் மட்டுமே போகலாம் என்று. காரணம் எளிது, வேலையின் எடை நுனியைக் கீழே இழுக்கும், டூலின் தள்ளல் பின்னால் தள்ளும், இரண்டுக்கும் முன்கூட்டியே இடம் கொடுத்துவிடுகிறோம். உங்களுக்குக் கிடைக்கும் அளவு அதற்குள் இருந்தால் ஹெட் ஸ்டாக் போல்ட்டை முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள். மீறினால் முதல் சந்தேகம் ஹெட் ஸ்டாக்குக்கு அடியில் சிக்கிய பிசிறின்மேல், யாரோ ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருப்பார்கள். கழற்றி, இரண்டு பரப்பையும் துடைத்து, கல்லால் தடவி, திரும்ப உட்காரவைத்தாலே பல லேத்துகளில் சரியாகிவிடும். ஹெட் ஸ்டாக்கை முழுக்க வி-யே பிடித்து உட்காரவைக்கும் லேத்தில் பக்கவாட்டில் நகர்த்த இடமே இருக்காது, சைடில் அட்ஜஸ்டிங் ஸ்குரூ உள்ளவற்றில் மட்டும் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, டயலைப் பார்த்தபடி நகர்த்தி, குறுக்காகக் குறுக்காக இறுக்க வேண்டும்.

கடைசியாக டெயில் ஸ்டாக், விற்றவர் சொன்னது இப்போதுதான் பொருந்தும். 300 மி.மீ. ராடு ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சென்டர் ட்ரில் போட்டு, சென்டர்களுக்கு (இரு பக்கக் கூர்முனைத் தாங்கிகள்) நடுவே மாட்டி, மறுபடி இரண்டு காலர், மெல்லிய வெட்டு. டெயில் ஸ்டாக் பக்கக் காலர் பருமனாக இருந்தால் டெயில் ஸ்டாக்கை உங்களை நோக்கி நகர்த்த வேண்டும், மெலிந்திருந்தால் பின்னால். பேரலில் (டெயில் ஸ்டாக்கிலிருந்து வெளியே நீளும் குழல்) டயலை முட்டவைத்து, விட்ட வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, ராடின் முழு நீளத்தால் பெருக்கி, காலர் இடைவெளியால் வகுத்து, அந்த அளவு மட்டும் நகர்த்துங்கள். பேரலை எப்போதும் பயன்படுத்தும் அளவு வெளியே விட்டு, கிளாம்ப்பை இறுக்கிய பிறகு டயல் என்ன சொல்கிறது என்று பாருங்கள், இறுக்கும்போது நகரும் டெயில் ஸ்டாக்குகள் நிறைய. பழைய லேத்தில் அதன் அடிப்பாகம் தேய்ந்து சென்டர் தாழ்ந்திருக்கும். டேப்பரில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் ட்ரில் போடும்போது துளை அகன்று போகும், சின்ன சென்டர் ட்ரில் முனை ஒடியும். அப்படியென்றால் மேல்பாகத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஷிம் வைத்து, சென்டர் ஸ்பிண்டிலைவிட 0.01 முதல் 0.02 மி.மீ. மேலே இருக்குமாறு ஏற்றிவிடுங்கள், போகப் போகத் தேய்ந்து அது மட்டத்துக்கு வந்து சேரும்.